பிள்ளையின் பெயர் யார் பாஸ்போர்ட்டில்

என் மூத்த மகன் தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் பினாங்கிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவரின் அண்ணன், ஊர் திரும்பிய ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சேதியும் சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் பினாங்குக்கு வர வேண்டும், கப்பல் செலவு அவருடையது, தம்பிக்குக் கடை பிடித்திருந்தால் அங்கேயே கூட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்று.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் திருமயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தோம். என் கணவர் திருமயம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். மழை பொய்த்த வருஷங்களில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அழைப்பு வந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மதுரையைத் தாண்டி எங்குமே போயிராத எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

பெட்டிக்குள் பிள்ளைக்குப் பட்டுச் சட்டைகள், பவுடர் டப்பா, கிலுகிலுப்பை எல்லாம் இருந்தன. அடியில், துணியில் சுற்றி ஒரு கண்ணாடிப் பால் புட்டி. நான் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாலுக்கு ஒரு குறையும் இல்லை. இது எதற்கு என்று என் கணவரிடம் கேட்டேன். கப்பலில் எனக்கு வாந்தி மயக்கம் வந்தால் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது, இப்போதிருந்தே புட்டியில் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். சரியான பேச்சாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் புட்டியைக் கழுவி வைத்த எனக்கு மனசு ஒப்பவில்லை.

கணவரின் அண்ணனான என் மூத்தாருக்கும், அவர் மனைவியான என் ஓரகத்திக்கும் கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. தம்பி பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது எங்கள் பக்கத்தில் புதுசும் அல்ல, தப்பும் அல்ல. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள் என்பது கேட்கும்போதே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நானாக எதையாவது நினைத்துக்கொள்கிறேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் காதுகுத்துப் பேச்சு வந்தது. பயணத்துக்கு முன்னால் எங்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திவிடலாம் என்றேன். காது குத்துவது தாய்மாமன் மடியில். எனக்கு ஒரே தம்பி, பொன்னமராவதியில் விவசாயம் பார்க்கிறவன். அக்கா பிள்ளைக்குக் கடுக்கன்கூட செய்து வைத்துவிட்டான். என் கணவர் பிடிகொடுக்காமல் பேசினார். எதற்கு அவசரம், அண்ணன் அங்கேயே கோயிலில் விமரிசையாகச் செய்யலாம் என்கிறார் என்றார்.

“அங்க யாரு மடியில உக்கார வைக்கிறது?” என்று கேட்டேன்.

“அண்ணியோட தம்பி அங்கதான இருக்காரு. அவரு மடியில வச்சுக்கலாம்ல?” என்றார், சாதாரணமாக.

கையில் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டேன். என் ஓரகத்தியின் தம்பி என் பிள்ளைக்குத் தாய்மாமன் ஆக வேண்டுமென்றால் என் பிள்ளைக்கு யார் தாய்? அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவர் மாதிரியும் இருந்தது, எல்லாம் தெரிந்தவர் மாதிரியும் இருந்தது. அன்றைக்கு நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவார், பேசாமலிருந்தால் தானாக வெளியே வரும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால், பிரியப்போகிறவர் கொஞ்சுவது போலப் பட்டது. பிள்ளைக்கு அதிகம் துணி எடுத்து வைக்காதே, அங்கே எல்லாம் இருக்கிறது என்றபோது, திரும்பி வரும்போது என்ன போட்டுக்கொண்டு வருவான் என்று கேட்க வாய் வரை வந்தது. பால் புட்டியை நான் பழக்கவே இல்லை. பழகமாட்டேன் என்கிறான் என்று பொய் சொன்னேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட புதுக்கோட்டைக்குப் போனோம். மலாயா போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் கடைவீதியில் மாடி அறையில் இருந்தார். பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் கேட்டு எழுதினார். கைக்குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டாம், தாய் அல்லது தகப்பன் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்தால் போதும், யாருடையதில் சேர்க்கட்டும் என்று கேட்டார்.

“என்னோடதுல” என்றார் என் கணவர்.

“என்னோடதுல எழுதுங்க” என்றேன் நான்.

வெளி ஆம்பளை முன்னால் அவர் பேச்சை மறுத்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பால்குடிப் பிள்ளை தாயோடு இருப்பதுதான் வழக்கம் என்று அவரே சொல்லி, என் மனுவில் எழுதினார்.

திருமயம் பஸ்ஸுக்காக நிற்கும்போது நேராகவே கேட்டேன்.

“பிள்ளைய அங்க விட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்களா?”

அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவனுடைய விரல்களை மெதுவாக விடுவித்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணன் கேட்டாங்க. நான் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.”

“நான் சொல்றேன். இல்லை.”

“அங்க போயிப் பாத்துட்டு...”

“நான் பெத்த பிள்ளை. இதுல போயிப் பாக்க என்ன இருக்கு?”

பஸ் வந்தது. பிள்ளையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினேன்.

பயணத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நான் வரவில்லை என்றால் அவர் மட்டும் போவார். அண்ணன் முன்னால் நின்று வாய் திறந்து மறுத்துப் பழக்கமில்லாதவர் அவர். நான் இல்லாத இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தால் பிறகு நான் யாரிடம் போய் முறையிடுவது? நானும் போவதென்று முடிவு செய்தேன். அதற்கு முன் தம்பியை வரச்சொல்லி, குலதெய்வம் கோயிலில் அவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினேன். என் கணவர் தடுக்கவில்லை. கற்பூரம் காட்டும்போது ஒதுங்கி நின்றார்.

பிறகு அம்மை குத்தினார்கள். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம். கடலில் எனக்கு உண்மையாகவே தலை தூக்க முடியவில்லை. படுத்தபடியே பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். என் சேலை முந்தானையை அவன் இடுப்பில் முடிந்துகொண்டுதான் தூங்கினேன்.

பினாங்கில் மூத்தார் துறைமுகத்துக்கே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். காதில் கடுக்கனை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனால் வீட்டிலிருந்த ஓரகத்தி பிள்ளையைத் தொடவே இல்லை. வாங்க என்றாள், சோறு போட்டாள், சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுக்காமல் உள்ளே போனாள். ஏங்கிக் கிடப்பவள் கையை நீட்டுவாள் என்று நான் தயாராக வந்திருந்தேன். இவளோ பிள்ளை தவழ்ந்து காலடிக்கு வந்தால்கூட நகர்ந்துபோனாள். இது என்ன தந்திரம் என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஒருநாள் ஆண்கள் கடைக்குப் போனபிறகு அடுப்படியில் அவளே ஆரம்பித்தாள்.

“ஒன்னக் கேக்கணும்னு இருந்தேன். ஒம் பிள்ளைய எதுக்கு எங்க தலையில கட்டப் பாக்குறீங்க?”

நீங்கள்தானே அக்கா கேட்டீர்கள் என்றேன். புட்டி, காதுகுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“புட்டிய நான் கண்ணால பாக்கல. தம்பி வீட்டுலதான் பிள்ளையக் குடுக்குறேன்னு நிக்கிறாங்கன்னு ஒன் மூத்தார் சொன்னாரு. சொத்துக்கு அடி போட்டுக்கிட்டு வாரீங்கன்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. தன் தம்பிக்கு இரண்டு பையன்கள் இருப்பதாகவும், எடுத்தால் அதில் ஒருவனைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னாள். அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து என் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். நான் என்னையறியாமல் அவனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள்.

அந்த வாரமே என் கணவரும் மூத்தாரும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். கூட்டு வியாபாரம் சரிவராது, அடுத்த கப்பலில் போய்விடலாம் என்றார் என் கணவர். காரணம் கேட்டேன். இங்கே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். திருமயத்து வெயிலில் பிறந்து வளர்ந்தவர் சொன்ன காரணம் அது.

பிள்ளையைக் கொடுப்பதாக மூத்தாரே கட்டிச் சொன்னாரா, என் கணவர்தான் சொல்லியிருந்தாரா, பிறகு அவர் அண்ணனிடம் இல்லை என்று சொன்னாரா, அண்ணி முந்திக்கொண்டு சொல்லி விஷயம் முடிந்ததா, எனக்குத் தெரியாது. பிற்பாடு ஓரகத்தியின் தம்பி மகனைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் சாகும்வரை எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவே இல்லை. நான் கேட்டிருந்தால், நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொல்லியிருப்பார். அதை என்னால் நம்பியிருக்க முடியாது.