பயந்து கொடுத்த சோறு

அகதி விசாரணையில் அவன் சொன்ன பொய், நான் சொல்லிக் கொடுத்த பொய். அதற்காக எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்கப்படச் சொல்கிறவர்கள் அந்தக் கதிரையில் ஒரு தரம் இருந்து பார்க்கட்டும்.

அவன் என்னோடு வேலை செய்கிறவளின் தம்பி. அவளும் நானும் ஒஸ்லோவின் குரோருட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பல வருடமாக ஒன்றாக நிற்கிறோம். நான் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். அவள் பஷ்தூன். பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் முட்டிக்கொள்ளும் மலைகளில் ஒரு கோத்திரத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தவள். எங்களுக்குப் பொதுவாக இருப்பது, இரண்டு பேருக்குமே ஒழுங்காக வராத நொர்வேஜிய மொழி. அதை இங்கே எழுதப் போனால் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது, என்ன செய்ய. கிழங்கு சீவச் சீவ மாமியார் கதை, பிள்ளைகளின் கதை, முழங்கால் நோவு எல்லாம் கதைத்து முடித்திருக்கிறோம். ஊரில் துவக்கும் துப்பாக்கியுமாகத் திரிந்தவர்களைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் பால் எடுக்கக் குளிர் அறைக்குப் போனால், அவள் வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

"தம்பி வந்திரிக்கான் அக்கா. லில்லெஸ்ட்ரோமுக்கு அங்கால ஒரு அகதி முகாமில வெச்சிரிக்காங்க. வாற கிழமை விசாரணை. நீங்க அதெல்லாம் தாண்டி வந்தவங்க. என்ன சொல்லணும், என்ன சொல்லக் கூடாதெண்டு அவனுக்குச் சொல்லிக் குடுங்க."

"அதுக்கென்ன புள்ள, சொல்லிக் குடுத்தாப் போச்சு. முதல்ல வெளிய வா, விறைச்சுச் சாகப் போறாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரொம்சோஸில் அவள் வீட்டுக்குப் போனேன். தம்பி எழுந்து நின்றான். நான் உட்காரும்வரை அவன் உட்காரவில்லை. முப்பது வயது இருக்காது. என்னைத் தங்கள் பாஷையில் ஏதோ முறை வைத்துக் கூப்பிட்டான், அக்கா என்றே எடுத்துக்கொண்டேன். அவன் சொல்லச் சொல்ல, அவள் எனக்கு நொர்வேஜிய மொழியில் திருப்பிச் சொன்னாள்.

அவர்களுடைய மலையில் ஒரு பெரிய இயக்கம் இருந்தது. அது உடைந்து, அதிலிருந்து பிரிந்த ஒரு கூட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டது. பனிக்காலம் வந்தால் இரவில் கீழே இறங்கி வந்து வீடுகளின் கதவைத் தட்டும். இவர்களுடைய அப்பா கதவைத் திறந்து ரொட்டி கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார், போர்வை கொடுத்தார். அவர்கள் ஆட்களில் தட்டினவன் யாரென்று பார்க்கிற வழக்கம் இல்லையாம். கொலை செய்துவிட்டு ஓடி வந்தவன் தட்டினாலும் திறக்க வேண்டும்.

பனி கரைந்ததும் ராணுவம் வந்தது. "சாப்பாடு கொடுத்தாயா?" என்று கேட்டது. மனுஷன் ஓம் என்றார். "நீங்க தட்டினாலும் குடுப்பன்" என்றும் சொன்னார். அவர்கள் வீட்டை இடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து அந்தக் கூட்டம் வந்தது. "ராணுவம் உன்னை மட்டும் எதுக்கு உசிரோட விட்டது? எங்களக் காட்டிக் குடுத்திட்டாய்" என்றது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் வைத்து அவரைச் சுட்டார்கள். அதன்பிறகு மகனைத் தேடினார்கள்.

இவ்வளவு தூரத்து மலையில், எங்கள் ஆட்களுக்கு நடந்த அதே கதை. ஆனால் நான் போனது அழுவதற்கில்லை.

"எல்லாத்தையும் சொல்லு. ஆனா சாப்பாட்டுக் கதை வரக்குள்ள, துவக்கக் காட்டி வாங்கினாங்கெண்டு சொல்லு. விரும்பிக் குடுத்ததெண்டு ஒரு வார்த்தை வரப்படாது. வந்தா, நீ அவங்கட ஆளெண்டு எழுதித் திருப்பி அனுப்பிருவாங்க."

தமக்கை அதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"எங்கட அப்பா ஆருக்கும் பயந்து ரொட்டி குடுக்கல்ல."

"அது எனக்கு விளங்குது."

"பயந்து குடுத்தாரெண்டு சொன்னா, எங்கட ஊரில அவர் ஆம்பிளையே இல்ல. அவர்ட பேரை நான் எப்பிடி அழிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் சமையலறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "அவர் செத்துப் போனார்! பேரை வெச்சு என்ன செய்யப் போறாய்? உன்னத் திருப்பி அனுப்பினா, விமானத்தால இறங்கி எத்தின நாள் உசிரோட இரிப்பாய்? சொல்லு பாப்பம்!" என்று கத்தினேன். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவனுக்கு விளங்கிற்று.

பிறகு, இவ்வளவு வருடமும் அவளுக்கே சொல்லாததைச் சொன்னேன்.

எங்கள் ஊரில் இயக்கப் பொடியன்கள் கதவைத் தட்டுவதில்லை. பகலிலேயே சைக்கிளில் உரப்பையோடு வந்து, வீடுவீடாகச் சோற்றுப் பார்சல் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வீட்டுக்கு இத்தனை பார்சல் என்று கணக்கு. முகம் சுளித்துக்கொண்டு கொடுத்தவர்களும் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. அம்மா அப்படியில்லை. அண்ணன் அவர்களோடுதான் இருந்தான். காட்டில் எந்த முகாமில் என்று தெரியாது. அவனுக்குக் கருவாட்டுப் பொரியல் என்றால் உயிர். எந்தப் பார்சல் அவன் கைக்குப் போகும் என்று அம்மாவுக்குத் தெரியாதல்லவா, அதனால் எல்லாப் பார்சலுக்குள்ளும் கருவாடு வைப்பாள். எங்களுக்குச் சட்டியில் வெறும் எண்ணெய்தான் மிஞ்சும். நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

பிறகு எங்கள் இயக்கமும் இரண்டாக உடைந்தது. அண்ணன் ஒரு பக்கம் நின்றான். மற்றப் பக்கத்துப் பொடியன்கள் வந்து ஆற்றங்கரையில் வைத்து அவனைச் சுட்டார்கள். சுட்டவர்களும் அம்மாவின் சோற்றைத் தின்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உடலைத் தந்தார்கள், அதுவே பெரிய காரியம். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தாலும் வந்து, "மத்த ஆக்களுக்குச் சோறு குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். நான் ஊரை விட்டு வெளிக்கிட்டது அப்போதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உங்கட அம்மா பயந்தா குடுத்தவ?"

"இல்ல."

"நீங்க இஞ்ச என்ன சொன்னீங்க?"

"துவக்கக் காட்டி வாங்கினாங்கெண்டு சொன்னன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தமக்கை அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தங்கள் பாஷையில் என்னவோ கெஞ்சினாள். அது எனக்கும் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிற்று. நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் நான் சொன்ன மாதிரியே சொன்னான். மாதங்கள் போய், இலை உதிர்கிற நேரம் அவனுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அவள் ஏலக்காய் போட்ட பால்சோறு ஒரு பெரிய சட்டி நிறையக் கொண்டுவந்து, சமையலறையில் எல்லாருக்கும் கொடுத்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு உயிர் தப்பியது, அதைவிட என்ன வேண்டும்? உண்மை அவனைக் காப்பாற்றியிருக்குமோ என்னவோ, அதைப் பரீட்சித்துப் பார்க்கிற துணிச்சல் அவளுக்கும் எனக்கும் இருக்கவில்லை.

தம்பி மட்டும் என் கண்ணில் படவில்லை. ரொம்சோஸுக்கு அவன் வந்திருக்கிறான் என்று தெரிந்து நான் போனால், கடைக்குப் போய்விட்டான் என்பாள். கோபம்போல, விட்டுவிட்டேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து வெளியே வருகிறேன், வாசலில் பனிக்குள் நிற்கிறான். தமக்கைக்கு அன்றைக்கு லீவு. என்னிடம்தான் வந்திருக்கிறான். இப்போது நொர்வேஜிய மொழி என்னைவிட நன்றாகக் கதைக்கிறான்.

"அக்கா, ஒண்டு கேக்கணும்."

"கேளு தம்பி."

"என்ட அம்மா ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம் கேக்கிறா, அப்பாவைப் பத்தி அங்க என்ன சொன்னாய், அவர் எப்பிடி வாழ்ந்தாரெண்டு அந்த ஆக்களுக்கு விளங்கப்படுத்தினாயா எண்டு. ஒவ்வொரு கிழமையும் வேற கதை கதைச்சுச் சமாளிக்கிறன். இனி ஏலாது. நீங்க உங்கட அம்மாவுக்கு எப்பிடிச் சொன்னீங்க?"

நான் அம்மாவுக்குச் சொல்லவேயில்லை. அம்மா ஒருநாளும் கேட்டதில்லை, நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

"பொறு. கேட்டுச் சொல்லுறன்" என்றேன். யாரிடம் கேட்கப் போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு, தேபானே ரயில் நிலையத்துக்கு இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்கு எடுத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம். ஃபோனைச் சத்தமாக வைத்து, எதிரே மேசையில் நிறுத்திவிட்டுத்தான் கதைப்பாள். பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

"அம்மா, நான் இஞ்ச வந்த புதிசில விசாரணையில ஒண்டு சொன்னனான். நீங்க பொடியன்களுக்குக் குடுத்த சோத்தைப் பத்தி…"

"கொஞ்சம் பொறு புள்ள" என்றாள் அம்மா.

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. கோழிகள் கொக்கரித்தன.

"இப்பச் சொல்லு."

சொன்னேன். துவக்கைக் காட்டி வாங்கினார்கள் என்று சொன்னதை, பக்கத்து மேசையில் ஒருத்தி அதை எழுதிக்கொண்டதை, அதனால்தான் இந்த நாட்டில் இருக்கிறேன் என்பதை. அந்தப் பஷ்தூன் பொடியனின் கதையையும் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா அழவில்லை.

"இதுக்கு ஏன் அழுறாய்? நீ சொன்னது சரிதான். புள்ள உசிரோட இரிக்கணுமெண்டா நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். அந்தப் பொடியனும் தாய்க்கிட்டச் சொல்லட்டும். பெத்தவளுக்கு விளங்கும்."

"அப்ப ஏனம்மா வெளிய போனீங்க?"

"ஃபோன் சத்தமாக் கதைக்குதே" என்றாள் அம்மா. "உள்ளுக்க அண்ணன்ட படம் இரிக்கு."