‘இல்லை’ முத்திரை

காப்பகத்தில் அவரைப் பட்டியல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் மிஞ்சுகிற கடிதம், டைரி, நோட்டு எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, எண் போட்டு, பட்டியல் எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக அதையே செய்தார். ஊரில் பாதிப் பேருடைய தாத்தாக்களின் காதலும் பொய்யும் அவருக்கு அத்துப்படி. தனக்கென்று சொல்லிக்கொள்ளத்தான் ஒருவரும் கிடையாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படிவம் உண்டு. அதன் கடைசி வரி, ‘பட்டியலிடுபவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு’. உறவு இருந்தால் அந்தப் பெட்டியை அவர் தொடக்கூடாது, வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். எழுதி எழுதி அலுத்துப்போய், மூன்றாம் வருடமே ‘இல்லை’ என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொண்டார். அது தேய்ந்துபோய் இப்போது மேசையில் இருப்பது இரண்டாவது.

மனிதர்களைவிடப் பெட்டிகள் மேல்தான் அவருக்கு இரக்கம் அதிகம். வந்த வினையும் அதனால்தான். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரே குடும்பப் பெயரோடு நான்கு தொகுப்புகள் வந்து சேர்ந்தன. ஒரு பல் வைத்தியரின் டைரிகள், ஒரு சலவைக்கடையில் துணிகளுக்கு அடையாளம் குறித்த நோட்டுகள், ஒரு கப்பல் சமையற்காரர் எழுதிய கடிதங்கள், ஒரு தபால்காரர் தினமும் மழையளவைக் குறித்துவைத்த புத்தகங்கள். அந்தப் பெயர் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒருவருக்கு இருக்கும் பெயர். நான்கு வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இடமில்லாமல் பெட்டிகள் எல்லாம் தாழ்வாரத்தில், ஒழுகுகிற குழாய்க்கு அடியில் கிடந்தன.

இரும்பு அலமாரி கேட்டார். தனித்தனி ஆட்களுக்கு அலமாரி கிடையாது, ஒரே குடும்பம் என்றால் மட்டும் தருவோம், அதுதான் விதி என்றார் அப்போதைய இயக்குநர். பட்டியல்காரர் அளவுகோலை எடுத்தார். ஒரே மத்தியானத்தில் ஒரு வம்ச வரைபடம் போட்டுவிட்டார். பல் வைத்தியர் மூத்தவர், சலவைக்கடைக்காரர் இரண்டாமவர், சமையற்காரர் மூன்றாமவர், தபால்காரர் கடைக்குட்டி. சமையற்காரர் ஏன் கப்பலேறினார் என்று யாராவது கேட்டால்? ‘மூத்த அண்ணனோடு மனஸ்தாபம்’ என்று ஓரத்தில் எழுதினார். மறுவாரமே அலமாரி வந்தது. இயக்குநருக்கு வரைபடம் ரொம்பப் பிடித்துப்போய், அதைச் சட்டம் போட்டுப் படிப்பறை வாசலிலேயே மாட்டிவிட்டார்.

மாட்டியதைப் பார்க்க ஆட்கள் வரத்தானே செய்வார்கள்? முதலில் பல் வைத்தியரின் பேத்தி வந்தாள், பள்ளிக்கூட டீச்சர். வரைபடத்துக்கு முன்னால் நின்று அழுதேவிட்டாள். அப்புறம் சமையற்காரர் வீட்டார், தபால்காரர் வீட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் கூட ஆரம்பித்தார்கள். ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்து நம்ம மூக்கு என்றார்கள். சமையற்காரர் வீட்டார் அந்த மனஸ்தாபத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பல் வைத்தியர் வீட்டார் ஆறு மாதம் யோசித்து, எழுத்து மூலமாகவே கேட்டார்கள். இல்லாத சண்டை தீர்ந்ததில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பட்டியல்காரர் தள்ளுவண்டியோடு நின்று பார்த்தார்.

கடைசியாகச் சலவைக்கடைக்காரரின் பேரன் வந்தார். லிஃப்ட் இயக்கி ஓய்வுபெற்றவர், எழுபது வயது, தனிக்கட்டை. வரைபடத்தின்படி அவர் டீச்சருக்கு அண்ணன் முறை. வயதுக்குச் சித்தப்பா என்றால்கூடத் தகும். அவளோ வாய் நிறைய “அண்ணா” என்றாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போய் முன்னறையைக் கொடுத்தாள். அஞ்சு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

இந்த நிலையில் புது இயக்குநர் வந்தார். வந்ததும் வராததுமாக ஓர் உத்தரவு போட்டார்: உறவு என்று எழுதிய இடத்திலெல்லாம் சான்று காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். பட்டியல்காரருக்குச் சலவைக்கடைக்காரரின் பேரன் ஞாபகம்தான் வந்தது. உண்மையை எழுதினால் அந்தக் கிழவரின் முன்னறை என்ன ஆகும்? தன் வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கக் கூடாதே. அந்தச் செவ்வாய்க்கிழமை அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அலமாரிக்காகச் செய்த காரியத்தை ஒன்று விடாமல் சொன்னார். அந்த வரைபடத்தில் ஒரு கோடுகூட நிஜமில்லை என்றார்.

கிழவர் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“அந்தப் பேரே எங்களுது இல்ல. எங்க தாத்தா கடைய வாங்குனப்ப முன்னாடி ஒரு பேர்ப்பலகை இருந்துச்சு. நல்ல பலகை. அத மாத்த மனசு வரல, அவரு பேர மாத்திக்கிட்டாரு.”

“தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?”

“வந்த வாரமே சொன்னேன். அதுக்கென்ன அண்ணா, மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டுப் போயிட்டா.”

பட்டியல்காரர் வெள்ளிக்கிழமை படிவத்தில் எழுதினார்: ‘சான்று இல்லை. அலமாரி தேவைப்பட்டது.’

புது இயக்குநர் கோபப்படவில்லை, விதியைப் பார்த்தார். நான்கு தொகுப்பும் நான்கு மாடிக்குப் பிரிந்தன, வரைபடம் கழற்றப்பட்டது. ஒரு தொகுப்புக்கு ஒரு மேசை, அடுத்த மேசையோடு பேசக்கூடாது என்று படிப்பறையில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு பேர் நான்கு மேசையில் பிரிந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சலவைக்கடை மேசையில் கிழவர் மட்டும் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவருடைய மாத்திரையைத் தரவேண்டுமென்றால்கூட விண்ணப்பச் சீட்டு எழுதி ஊழியர் மூலம் அனுப்ப வேண்டியிருந்தது. பட்டியல்காரர் அதைப் பார்க்கமுடியாமல் வெளியே போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மேசைக்கு ஒரு புதுப் பெட்டி வந்தது. அதே குடும்பப் பெயர், ஐந்தாவது தொகுப்பு. யாரும் போய்ச் சேரவில்லை, நாலு வீட்டாரும் சேர்ந்தே கொடுத்தது. திறந்தார். மன்னிப்புக் கடிதம், அதற்குப் பதில் கடிதம், இடுப்பெலும்பின் எக்ஸ்ரே, ‘உறவு: தங்கை’ என்று எழுதிய ஆஸ்பத்திரிப் படிவம், மாத்திரைச் சீட்டுகள், பதினொரு வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளின் புகைப்படங்கள். நாலு வீட்டாரும் கலந்து நிற்கிறார்கள். வேண்டிய சான்று அத்தனையும் இந்த ஒரே பெட்டியில் இருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தை நிரப்பிக் கடைசி வரிக்கு வந்து, முத்திரையை மையில் ஒற்றினார். குத்துவதற்கு முன் படிவத்தின் மேல் கிடந்த புகைப்படங்களை ஒதுக்கியபோதுதான் கவனித்தார். ஒவ்வொன்றிலும் ஓரமாக, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவரே நிற்கிறார். ஒன்றைத் திருப்பினார். கிழவரின் கோணல் எழுத்து: ‘நம்ம தம்பி. நாலு வீட்டுக்கும் பொது.’

மை ஒற்றிய முத்திரை கையிலேயே இருந்தது. அதைக் காகிதத்தில் நன்றாகத் துடைத்து மேசையின் அடித்தட்டில் போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

“மேடம், இத வேற யாருகிட்டயாவது குடுங்க. நான் தொடக்கூடாது.”

“ஏன்?”

“எங்க வீட்டுப் பெட்டி.”

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். “சான்று?”

“உள்ள இருக்கு” என்றார் அவர்.