கசக்க வேண்டிய பானை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். விளக்கேற்றிக் கும்பிடாமல் வாயில் தண்ணீர் வைக்காதவன், பீர் காய்ச்சிய கதையை எப்படி எழுதுவது? ஆனாலும் முருகன் என் மகளை என்னிடம் கொண்டுவந்தது அந்த வழியாகத்தான்.

துபாய் கராமாவில், சென்னை இன்ஜினியர் ஒருவர் வீட்டில் எனக்குச் சமையல் வேலை. மனைவியையும், பிறந்ததிலிருந்து நான் பார்த்தேயிராத மகளையும் விசிட் விசாவில் அழைத்துவர அவர் கையெழுத்து வேண்டும். "இந்த வாரம் பார்க்கலாம்ணே" என்றிருந்தார்.

சாருக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கம். அன்று வெள்ளிக்கிழமை லீவு. பானையில் முளைகட்டிய பார்லியின் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது ஆபீசிலிருந்து போன். என் கையில் பச்சை உருண்டைகள் கொஞ்சம் கொடுத்தார். ஹாப் என்கிற பூவை அரைத்துப் பிடித்ததாம்.

"பயங்கரக் கசப்பு ரகம்ணே, இவ்வளவே போதும். இப்பவே போட்டுடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அணைங்க." போய்விட்டார்.

முகர்ந்து பார்த்தேன். அப்படியொரு வாசம். இதையா ஒரு மணி நேரம் வேகவிடுவது? ரசத்துக்குக் கொத்தமல்லி போடுகிற மாதிரி, கடைசியில் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவைத்தேன். நல்லது செய்த நினைப்பு எனக்கு.

சார் வந்து ஒரு கரண்டி குடித்தார். முகம் மாறிவிட்டது. "என்னண்ணே இது, பாயசமா?"

நடந்ததைச் சொன்னேன். ஹாலிலிருந்து மேடம் சிரித்தார்: "ரசம் வெச்சுட்டாருங்க!"

சார் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடமிருந்த கடைசி ஹாப். கையெழுத்து போச்சு என்றே நினைத்தேன்.

"சார், அது உள்ளேதானே கிடக்கு. மறுபடி கொதிக்க வைக்கட்டுமா?"

யோசித்தார். "வைங்க. கொதிச்சாத்தான் இதுல கசப்பு இறங்கும்."

முருகா முருகா என்று பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரம் ஆனதும் கரண்டியை என்னிடமே நீட்டினார். பின்வாங்கினேன்.

"போதை ஏத்துற ஈஸ்ட்டே இன்னும் போடலைண்ணே. இப்ப வெறும் பார்லித் தண்ணிதான்."

நாக்கில் வைத்தேன். முதலில் தித்திப்பு; பிறகு வேப்பம்பூ மாதிரி தொண்டையில் பிடித்தது. "கசக்குது சார்!" என்று கத்தியே விட்டேன்.

அப்போதுதான் சிரித்தார். "கலாஸ், வேலை முடிஞ்சுது. போய் வீட்டுக்காரம்மா, பாப்பா பாஸ்போர்ட் காப்பியைக் கொண்டாங்க."

ஏர்போர்ட்டில் மகள் என் மீசையைப் பார்த்து அழுதாள். பர் துபாய் கோவிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். நான் குடித்தேன் என்று கூட்டவும் வேண்டாம். பானையைத் தொடவே இல்லை என்று குறைக்கவும் வேண்டாம்.