செவலை கத்திய நாள்

இன்று சந்தையில் எள்ளுப் பிண்ணாக்கு வாசம் மூக்கில் ஏறியதும், ஆத்தூரில் இப்போது லாரி ஷெட் நிற்கிற இடத்தில் எழுபதுகளில் இருந்த எங்கள் தொழுவமும், வெறும் வைக்கோலையே அசைபோட்டு விலா தெரிய நின்ற செவலைப் பசுவும் கண்முன் வந்துவிட்டன.

பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கறவை மாட்டுக்கு மட்டும்தான். "கறக்காத மாட்டுக்கு என்னத்துக்குளா பிண்ணாக்கு?" என்று அம்மா என் கையைத் தட்டிவிடுவாள். மூன்று வருஷமாகச் செவலை பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்தவும் இல்லை, சினை பிடிக்கவும் இல்லை. மலடாம்! அடிமாட்டுக்கு விற்றோம்.

எடை ஏறட்டுமென்று வியாபாரி அதை அடுத்த தெருவில் கட்டிவைத்து, பிண்ணாக்கை அள்ளி அள்ளிப் போட்டார். இரண்டே மாதத்தில், ஒரு காலையில், செவலை காளைக்குக் கத்தியது. மாட்டைத் திருப்பிக் கேட்க அம்மா ஓடினாள்.

"லாரி வந்துட்டு அக்கா" என்றார் வியாபாரி.

ஏற்றும்போதும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது.