பின்னால் பட்டி வைத்த செருப்பு

தீபாவளி லீவுக்கு அக்கா வந்த அன்று, பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஏறும் வழியில் அவளுடைய செருப்பு இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும் பின்னால் வந்த நான்தான் கண்டேன். அவள் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் ஏறிவிட்டிருந்தாள். கூப்பிட்டுக் கொடுத்தபோது காலைப் பார்த்துவிட்டு, "மழையில வழுக்குது," என்றாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நானும் அதை நம்பினேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய் இரண்டு வருடம். போன்களுக்குத் திரை செய்யும் இடம் அது. அடுக்கடுக்காக ஒட்டி முடித்த கண்ணாடியைத் துணியால் துடைத்து, ஒரு விரல் ரேகைகூட இல்லாமல் அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவள் வேலை. லீவு முடிந்து திரும்பும்போது என் தங்கச்சியையும் அதே மேசைக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. புதுப் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. துணிகூடப் பாதி அடுக்கியாகிவிட்டது.

நான் பதுளை டவுனில் ஒரு கடையில் போன் திருத்துகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வந்த வேலை. அக்கா துடைத்த கண்ணாடி எப்போதாவது என் கைக்கு வந்திருக்கலாம். வந்திருந்தாலும் தெரியாது. புதுத் திரையின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்தால், அதை ஒரு மனுஷி தொட்டாள் என்பதற்கு அடையாளமே இருக்காது. ஒரே ஒரு தடவை தாளுக்கு அடியில் ஒரு ரேகை இருந்தது. வாங்க வந்தவர் "இது பழைய சாமான்" என்று சத்தம் போட்டு வேறொன்று வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு முதல் நாள் வீடு கழுவும்போது அக்கா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். "உனக்குத்தான்டி கொண்டு வந்தேன், போன்காரி. இதால துடைச்சுப் பாரு."

சாமி படங்களில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இழுப்பில் போனது. பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் பேசுவதும் எரிப்பதும் எல்லா வீட்டுக்கும் போகும். போத்தலின் வாசனையும் அப்படிப் போனது. படத்தோடு வந்தவர்கள், முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தவர்கள், டீவியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டவர்கள்.

"எங்க முருகனுக்கும் கொஞ்சம் ஊத்து புள்ள. ஒங்க வீட்டுப் பிள்ளையார் மட்டும் கொழும்புக்காரர் மாதிரி நிக்கிறாரு."

அம்மா தன் விரல் நுனியில் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தேயிலைக் கறை அப்படியே இருந்தது.

"இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே."

"தோட்டத்துக் கறைக்கா," என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "அது நம்மளோடதான் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போத்தலை மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோலுக்குப் பக்கத்தில் வரும் வாசனை. விரலில் ஒரு சொட்டு விட்டேன். குளிர்ந்து, பார்க்கும்போதே காய்ந்து, தோலை வெள்ளையாக விட்டுப்போனது. கடையில் நாங்கள் பாவிக்கும் ஸ்பிரிட் இப்படிக் காயாது.

"இதுக்கு என்னக்கா பேரு?"

"கிளீனர்."

"பேரு, பேரு."

"பேருதான் சொல்றேன். கேன்ல ஒரு நம்பர் மட்டும் இருக்கும். முன்னாடி வேற ஒண்ணு தந்தாங்க, அது காய நேரமெடுக்கும். இதுன்னா கை எடுக்கிறதுக்குள்ள காஞ்சிரும்."

"கிளவுஸ் போடுவீங்களா?"

"போட்டா டார்கெட் வராது."

"ஜன்னல்?"

"ஜன்னல் இருந்தா தூசி வருமேடி. ஒரு தூசி உள்ள நின்னா முழுப் பெட்டியும் திரும்பி வரும். என்ன, பொலிஸ் மாதிரி கேக்குற."

போன் பழுதென்று வந்தால் நான் எதையும் வரிசையாகத்தான் பார்ப்பேன். முதலில் பேட்டரி, பிறகு சார்ஜ் ஏறும் இடம், பிறகு திரை. செலவு குறைந்ததைச் சந்தேகித்துவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். அக்காவையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். செருப்பு கழன்றதற்கு மழை. சட்டைப் பொத்தானைப் போடத் தங்கச்சியைக் கூப்பிட்டதற்குச் சோம்பேறித்தனம். நாங்கள் விளிம்பில் மட்டும் பிடிக்க முடிந்த கொதிக்கும் பிளேன்டீக் கிளாஸை அவள் உள்ளங்கையால் அப்படியே பிடித்துக்கொண்டிருந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை. அவள் நடக்கும்போது வழியில் இல்லாத ஒரு கல்லைத் தாண்டுவது போல முழங்காலைத் தூக்கி வைத்தாள். அதற்கும் இல்லை.

பண்டிகை முடிந்த மறுநாள் அக்கா, தங்கச்சி, நான் மூன்று பேரும் லுணுகலைக்குப் போனோம். அக்காவுக்கு அடுத்த மேசையில் வேலை செய்த சிநேகிதி அங்கே ஒரு தோட்டத்தில் இருந்தாள். லீவில் வந்தவள், சில மாதங்களாகத் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் பேசுகிறார்கள் போலும் என்று அக்கா நினைத்திருந்தாள். போகும் வழியில் டவுனில் நான் அக்காவுக்குச் செருப்பு வாங்கினேன், பின்னால் பட்டி வைத்தது, கழலாமல் இருக்க. தங்கச்சி கேலி செய்தாள்.

"நேர்சரிப் பிள்ளைங்க போடுறது. தண்ணிப் போத்தலும் ஒண்ணு வாங்கிக் கழுத்துல போட்டுவிடு."

சிநேகிதி வாசலில் ஒரு கதிரையில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. கணுக்கால் இரண்டிலும் கறுப்புக் கயிறு. அவளுடைய அம்மா எங்களுக்குப் பாய் விரித்துக்கொண்டே சொன்னாள்: "யாரோ செய்வினை வச்சிட்டாளுக. நல்லா ஒழைச்ச புள்ளையப் பாத்து வயிறு எரிஞ்சவளுக. அந்த ரூம்லயே நாலஞ்சு பேருக்கு இப்பிடியாம்." மந்திரித்த எண்ணெய், கோயில் நேர்த்தி, பண்டாரவளையில் ஒருவர் பார்த்த ஜாதகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுச் செருப்பா?"

"ஆமா. இப்பத்தான் இவ வாங்கித் தந்தா."

"நானும் இப்பிடித்தான் ஒண்ணு வாங்கினேன்," என்றாள். "பட்டி வச்சது."

பிறகு அவள், "எழும்பி, கண்ண மூடிக்கிட்டு நில்லுங்கக்கா," என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து கண்ணை மூடினாள். உடனே ஒரு பக்கம் சாய்ந்தாள். தங்கச்சி பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

கதிரையில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் பசறை வரும்வரை அக்கா குனிந்து தன் கால்களைத் தடவிக்கொண்டே வந்தாள். தங்கச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலை மலைகளின் மேல் மேகம் இறங்கி வழி முழுக்க இருட்டாக இருந்தது.

மறுநாள் பதுளையில் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிரும்போதே அக்காவின் பெருவிரலில் வைத்தார். "தெரியுதா?" இல்லை. கணுக்காலில் வைத்தார். இல்லை. முழங்காலுக்கு வந்த பிறகுதான் அக்கா தலையசைத்தாள். நரம்பு என்றார். எந்தத் திரவத்தில் வேலை செய்தாள், அதன் பெயர் என்ன என்று கேட்டார். பெயர் தெரியாது என்றோம். மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். மிச்சமில்லை. லயத்துச் சாமி படங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன.

நான் தொழிற்சாலைக்கு போன் செய்தேன். கிளீனரின் பெயரைக் கேட்டதும் ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் வேறொருவரிடம் கொடுத்தார். கடைசியில் வந்த பெண், "அது கம்பெனி விஷயம் மிஸ். எங்களுக்கே கேன்லதான் வருது," என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

"அந்த வேலையை விட்டா சரியாயிருமா?" என்று அக்கா டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"விடத்தான் வேணும். விட்ட பிறகும் கொஞ்ச நாளைக்குக் கூடிக்கிட்டுத்தான் போகும். அதுக்குப் பிறகு குறையலாம்."

அந்த 'லாம்' யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்து, துணிகளை வெளியே எடுத்து, பழைய இடத்தில் மடித்து வைத்தாள். அவள் கொழும்புக்குப் போகவேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

சாயந்தரம் தொழிற்சாலை சூப்பர்வைசர் அக்காவின் போனுக்கு எடுத்தார். தங்கச்சிதான் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"எப்ப வாறீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க வரல்லண்ணே. அக்காவுக்குக் கால் சரியில்ல."

"அப்பிடியா. சரி சரி. பாத்துக்கச் சொல்லுங்க." ஒரு தாளைத் திருப்பும் சத்தம். "பரவால்ல. உங்க மேல் லயத்துல இருந்தே ரெண்டு பேர் நாளைக்கு வாறாங்க. அக்கா போன மாசம் தந்த பேருதான்."

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தாள். "வாங்கடி," என்றாள்.

மேல் லயத்துக்குப் போகும் பாதை செங்குத்து. அவள் ஒரு கையை என் தோளிலும் மறு கையைத் தங்கச்சியின் தோளிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துப் பார்த்து ஏறினாள். கண்ணால் பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாள். பைப்படியில் நின்ற பொம்பளைகள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் போகவிருந்த இரண்டு பெண்களும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீளமாக நகம் இருந்தால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று அக்காதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். அவள் எங்கள் தோள்களை விட்டுவிட்டு, பிடியில்லாமல், அவர்களுக்கு முன்னால் வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினாள். திரும்பி வந்தாள். பிறகு கிளீனரைப் பற்றி, மூடிய அறையைப் பற்றி, லுணுகலையில் இருப்பவளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவள் கடைசிவரை கவனமாகக் கேட்டாள். அவளுடைய அப்பா உள்ளே படுக்கையில் இருமிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அவளுக்குப் பெயர் பதிவில்லை, அதனால் நிரந்தர வேலையும் இல்லை. அவள் முகத்தில் பயம் இருந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

"அப்ப, இப்ப உங்க மேசை காலியாத்தான் இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா எங்கள் தோள்களைத் தேடிக் கையை நீட்டினாள். திரும்பும்போது இறக்கத்தில் அவளால் தனியாகக் கால் வைக்க முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் விழித்துத்தான் இருந்தோம். எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்க்க ஒருத்தியும் வெளியே போகவில்லை.