அப்பா பேரில் ஏறிய புள்ளிகள்

வீட்டில் பொடிசு என்று கூப்பிடும் கடைக்குட்டிப் பெண் ஜெயித்தவற்றில் முதலாவது, ஊரோரச் சுற்றுச்சாலைப் பந்தயம். சைக்கிள் அண்ணனுடையது. சீட்டை அடிவரை இறக்கியும் அவளுக்குக் கால் முழுசாக எட்டவில்லை. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்தே முதலில் வந்தாள். பெண் ஒருத்தி ஜெயிப்பாள் என்று யாரும் எதிர்பார்க்காததால் பரிசாக வாங்கி வைத்திருந்தது ஆண்களுக்கான ஷேவிங் செட். அதை அப்பா எடுத்துக்கொண்டார். அடுத்தது மலைப்பந்தயம். பாதி ஏற்றத்தில் கியர் வயர் அறுந்து, மீதியை ஒரே கியரில் நின்றுகொண்டே மிதித்தாள். பிறகு வெளிநாட்டில் ஒரு மழைப்பந்தயம். காய்ச்சலோடு போனாள், கோப்பையோடு வந்தாள், காய்ச்சலும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு நாட்டில் பெரிய பந்தயம் ஒன்று. மற்றவர்களுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரங்களோடு கார் வந்தது, அவளுக்குப் பின்னால் வாடகை வேனில் அண்ணன் மட்டும்தான். கடைசியாக, எதிர்க்காற்று அடித்த கடற்கரைச் சாலையில் தனியாளாக ஓட்டும் நேரப்பந்தயம்.

இந்தக் கடைசி இரண்டையும் ஜெயித்தது அவளுடைய அப்பா என்று உலக சைக்கிள் அமைப்பின் தரவரிசை சொன்னது.

அப்பா பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். தொப்பை உண்டு, முழங்கால் வலி உண்டு. கடைசியாக அவர் சைக்கிளில் ஏறியது கல்யாணத்துக்கு முன்னால்.

நடந்தது இதுதான். வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓட லைசென்ஸ் வேண்டும். அதை நாட்டுச் சம்மேளனம் கொடுக்கும். உலக அமைப்பு அதற்கு ஓர் எண் போடும். வாங்கும் புள்ளியெல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பாவின் இனிஷியல் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் நம் பேர், அவ்வளவுதான். முதல் வருஷம் அந்த ஓர் எழுத்தையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார்கள், சிக்கல் இல்லாமல் போய்விட்டது. மறுவருஷம் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை ஏற்க மறுத்தது. சம்மேளன கிளார்க் அப்பாவின் பேரை முழுசாக அங்கே அடித்தார். இனிஷியல் என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று, பொடிசின் பேரைச் சுருக்கி ஓர் எழுத்தாக்கி மற்றக் கட்டத்தில் போட்டார். கம்ப்யூட்டர் புது ஆள் என்று நினைத்துப் புது எண் கொடுத்துவிட்டது. இருபது வருஷமாக அப்பா ஓர் எழுத்தாக அவள் பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது அவள் ஓர் எழுத்தாகி அப்பாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

முதலில் வீட்டில் எல்லோருக்கும் இது சிரிப்பாகத்தான் இருந்தது. பந்தய ஒலிபெருக்கியில் அப்பாவின் பேரைச் சொல்லிக் கத்தும் வீடியோவை அவர் டிப்போவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மரியாதையா பேசுங்க. உலகத்துல இன்னிக்கு நான் நானூத்திச் சொச்சமாவது ஆளு."

"முதல்ல மாடிப்படி ஏறுங்க. ரெண்டு தடவ உக்காராம ஏறிட்டா நானும் ஒத்துக்கிறேன்" என்றார் அம்மா.

"அப்பா, நீங்க என்னைவிட முன்னாடி இருக்கீங்க, தெரியுமா? நான் அறநூறு" என்றாள் பொடிசு.

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் டைல்ஸ் பதிக்கிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான், ஆனால் நூல் பிடித்துப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டான். தரவரிசையை அவன் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தான். உலகப் போட்டியில் நாட்டுக்கு ஒரே ஓர் இடம். மாதக் கடைசியில் தரவரிசை மூடும்போது யார் மேலே இருக்கிறாரோ அவருக்கு. இப்போது நாட்டில் மேலே இருந்தது இன்னொரு வீராங்கனை, ஒரு டாக்டரின் மகள். பொடிசின் புள்ளியையும் 'அப்பா'வின் புள்ளியையும் சேர்த்தால் டாக்டர் மகள் கீழே. சேர்க்காவிட்டால் பொடிசு இங்கேயே உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டியதுதான்.

அவனுக்கு அதிகம் எரிந்தது எதனால் என்றால், அந்த உலக அமைப்பை அவனுக்கு மனசாரப் பிடிக்கும். கடற்கரைப் பந்தயத்தின் காலையில் நடுவர்கள் ஒவ்வொரு சைக்கிளையும் ஒரு சட்டத்தில் ஏற்றி அளந்தார்கள். பொடிசின் சீட்டு மூக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. "பின்னால தள்ளு" என்று சைகை காட்டினார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் மட்டும், ஆகா, இவங்கல்லவா வேலைக்காரங்க என்று மகிழ்ந்துபோய் ஸ்பேனரை எடுத்தான். அப்படி அளந்தவர்களுக்கு ஓர் ஆள் ரெண்டு ஆள் இல்லை என்பது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

அவன் உலக அமைப்புக்கே எழுதினான். தனியாட்களுக்குப் பதில் சொல்வதில்லை, உங்கள் சம்மேளனம் மூலமாக வரவும் என்று ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. எந்த மனுஷனும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

சம்மேளனம் ஒரு விளையாட்டரங்கத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கூரை சாய்வாக இருந்ததால் செயலாளர் மேஜைப் பக்கம் போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பதால் வீரர்கள் அவருக்கு வைத்த பேர் பாக்கலாம் சார்.

"இது அவங்க கம்ப்யூட்டர்ல நடந்தது தம்பி. அவங்கதான் சரி பண்ணணும்."

"அவங்க உங்களக் கேக்கச் சொல்றாங்க சார்."

"நாங்க எழுதினா அவங்க விதியக் காட்டுவாங்க. ரெண்டு வீரர்களோட கணக்க ஒண்ணாக்கணும்னா ரெண்டு வீரர்களும் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் சொல்லணும்."

"ரெண்டு பேர் இல்ல சார். ஒரே ஆளு."

"அத நிரூபிக்கத்தான ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்?"

அண்ணன் நிமிர்ந்தான். தலை கூரையில் இடித்தது. பாக்கலாம் சார் அனுதாபத்தோடு தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

"எப்ப சார் அனுப்புவீங்க? மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"முதல்ல கொண்டாங்க. பாக்கலாம்."

வீட்டில் அப்பா பேனாவைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். "நான் போடுறேன்டா. இந்த வயசுல நான் விளையாட்டுலேருந்து ஒதுங்கி மகளுக்கு வழிவிட்டேன்னு எழுதிக்கோ."

"வேண்டாம்பா. அது பொய்யாப் போயிடும். ரெண்டு தாள்லயும் அவளே போடட்டும்" என்றான் அண்ணன்.

பொடிசு ரெண்டிலும் போட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் போடும் கையெழுத்து: அப்பாவின் எழுத்து பெரிசாக, ஒரு புள்ளி, அப்புறம் வாலை இழுத்துவிட்டது போல ஒரு கோடு. அவள் பேர் அந்தக் கோட்டுக்குள் எங்கோ இருக்க வேண்டும், யாரும் தேடியதில்லை. அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்து, தேதி சரியா, எண்கள் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். கையெழுத்தை மட்டும் பார்க்கவில்லை. கையெழுத்தை யார் படிக்கிறார்கள்?

அவர்கள் படித்தார்கள். பாக்கலாம் சார் ஐந்து நாள் பார்த்துவிட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. ரெண்டு தாள்களிலும் இருப்பது இரண்டாவது வீரரின், அதாவது அப்பாவின், எழுத்து மட்டுமே. முதல் வீரரின் கையெழுத்து எங்கே? முழுப் பெயரில் கையெழுத்திட்டு மறுபடி அனுப்பவும். பாக்கலாம் சார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து அதைப் பிரித்தபோது தரவரிசை மூடி ரெண்டு நாள் ஆகியிருந்தது. உலகப் போட்டிக்கு டாக்டர் மகளின் பேர் போய்விட்டது. குற்றம் சொல்லவும் முடியவில்லை, அந்தப் பெண் நன்றாகத்தான் ஓட்டுவாள்.

அன்று அண்ணன் வேலைக்குப் போகவில்லை. பாக்கலாம் சாரிடம் போய்க் கத்தினான். "உங்க தொண்டை வலிக்கும் தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் அவர். அண்ணன் வீட்டுக்கு வந்து, மறுபடி கையெழுத்துக் கேட்டு வந்திருந்த தாளைச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

"விடு பொடிசு. எல்லாம் போச்சு. இனிமே எதுக்குக் கையெழுத்து?"

அவள் போய் அதை எடுத்து, தொடையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினாள். "அடுத்த வருஷமும் நான் ஜெயிப்பேன்ல? அப்பவும் அப்பாவுக்கே போகணுமா?"

"அடுத்த வருஷ விண்ணப்பத்துலயும் குடும்பப் பேர்னு கேப்பான். என்ன எழுதுவ?"

"என் பேர்."

"சொந்தப் பேருக்கு?"

"அதுக்கும் என் பேர்தான். ரெண்டு ஆள் வேணும்னு அவங்கதான கேட்டாங்க? ரெண்டும் நானே இருந்துட்டுப் போறேன்."

கதவருகே அப்பா நின்றிருந்தார். அவர் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை. "என் எழுத்து வேண்டாம்ங்கறியா?"

"உங்க எழுத்து வீட்டுல இருக்கட்டும்பா. ரோட்டுல மிதிக்கிறது நான்தான?"

அப்பா உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அப்போ நான் ரிட்டையர் ஆயிட்டேன்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

பொடிசு எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் போல மெதுவாக, முதலெழுத்து தொடங்கிக் கடைசி எழுத்தின் புள்ளி வரை, கோடு எதுவும் இழுக்காமல் எழுதினாள். சுருங்கிய தாளில் பேனா ரெண்டு இடத்தில் தடுக்கியது. அண்ணனுக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் குனிந்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தான். தேதியை அவனே போட்டான். அவள் முதன்முதலாகத் தன் பேரைக் கையெழுத்தாகப் போட்டது செப்டம்பர் இரண்டாம் தேதி.