புத்தூர்க் கட்டும் என் மோதிர விரலும்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தகடு அடுக்கும்போது என் வலது உள்ளங்கை கிழிந்தது. திருவள்ளூரில் ஆபரேஷன். மோதிர விரலை மடக்கும் நரம்பு அறுந்திருந்தது, தைத்துவிட்டோம் என்றார் டாக்டர். தையல் என்றதும் எனக்கு ஜாக்கெட் தையல்தான் ஞாபகம் வந்தது. இழுத்தால் விட்டுப்போகுமே! அந்தப் பயம் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அக்கா, இந்தக் கட்டைக் கழட்டாதீங்க. ஆனா இடது கையால இந்த விரலை தினமும் மெதுவா மடக்கி விடணும். சும்மா வெச்சிருந்தா உள்ள ஒட்டிக்கும்."

பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கம் எலும்பு உடைந்தால், ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய்ப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டபோதும் அதுதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அசையாமல் கிட என்றார்கள். கிடந்தார், கூடிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வீட்டில் நான் விரலைத் தொட்டதுமே அதட்டினார்.

"இன்னாமே பண்ற? ஆட்டாத! என் காலு எப்டி கூடிச்சு? அப்டியே வெச்சுக்கினு இரு."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அப்பாடா என்றிருந்தது. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட நல்ல வார்த்தை வேறென்ன வேண்டும்? கையைத் தலையணை மேல் கிடத்தினேன். அவர் சோறு ஊட்டினார். பிசியோ பெண் போனில் கேட்டால், "செய்றேம்மா" என்று கூசாமல் புளுகினேன்.

தையல் பிரித்து, புண்ணும் ஆறிய பிறகு அவள் கட்டைக் கழற்றி, "இப்ப நீங்களே மடக்குங்க" என்றாள். மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளங்கைத் தழும்புதான் குழிந்து, தோலை உள்ளே இழுத்தது.

"வீட்ல செஞ்சீங்களா அக்கா?"

பொய் வரவில்லை. அழுகைதான் வந்தது. வீட்டுக்காரர் முன்னால் வந்து தன் காலைக் காட்டிப் புத்தூர்க் கதையைச் சொன்னார்.

"அது எலும்பு சார், அசையக் கூடாது. இது அசையலன்னா தழும்போட ஒட்டிக்கும். இப்படியே விட்டா மறுபடியும் கீறித்தான் பிரிக்கணும்."

மறுபடியும் கத்தியா! வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தோம்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தித் தேய்த்துவிட்டு, விரலை மடக்கச் சொல்லியிருந்தாள் பிசியோ பெண். தொட்டாலே சுரீரென்றது. என் இடது கை கிட்டவே போக மாட்டேன் என்றது.

"யோவ், நீயே பண்ணுய்யா."

அவர் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். பிறகு விரலைப் பிடித்து மடக்க ஆரம்பித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வலி மண்டைக்கு ஏறியது. உள்ளே ஏதோ இளகியது. போச்சு, அறுந்தே போச்சு என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால் விரல் பாதி மடங்கியிருந்தது. எதிரே அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அறுந்துட்ச்சா மே?" என்றார்.

அந்த விரலை நானே மடக்கி, அவர் கட்டைவிரலை லேசாக இழுத்தேன்.